வல்லாளனுக்குத் திதி

மாசி மகத்தன்று, திருவண்ணாமலையை அடுத்த பள்ளிகொண்டாப்பட்டில், கௌதம நதி என்று சொல்லப்படும் ஆற்றங்கரையில், அண்ணாமலையார் ஒரு மனிதனுக்குத் திதி கொடுக்கிறார். அந்த மனிதன் வல்லாள மகாராஜா. பிள்ளையில்லாத ராஜா. சிவனே குழந்தையாக வந்து மடியில் கிடந்து மறைந்துவிட்டதால், மகன் செய்ய வேண்டிய கடனைச் சுவாமியே செய்கிறார் என்பது கதை. அதற்கு முந்தின மாதம், தைப்பூசத் தீர்த்தவாரி முடிந்து திரும்பும்போது சுவாமிக்கு ராஜா இறந்த செய்தி வருகிறது. அன்று மேளதாளமில்லாமல் கோயிலுக்குத் திரும்புகிறார். துக்கம் கேட்டு வந்த வீட்டு மனிதரைப் போல ஒரு தெய்வம் பேசாமல் தெருவில் போவதைப் பார்த்தவர்களுக்கு அது எளிதில் மறக்காது.

இந்த மாசியில் ஆற்றங்கரையில் என் பக்கத்தில் நின்றவன் பி.ஏ. சரித்திரம் மூன்றாவது வருஷம் படிக்கிறவன். உறவுக்காரப் பையன். "மூன்றாம் வல்லாளன் யார்?" என்று கேட்டேன். "ஹொய்சள அரசர் சார். தலைநகரம் துவாரசமுத்திரம். மாலிக் காபூர் படையெடுப்பு 1311" என்று தயங்காமல் சொன்னான். "இங்கே திதி யாருக்கு?" என்றேன். "அது கோயில் கதை சார்" என்றான். இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று சொன்னபோது அவன் முகத்தில் பெரிதாக ஒன்றும் நிகழவில்லை. பரீட்சைக்கு வருமா என்று யோசிக்கிறானோ என்று பட்டது.

அவனைக் குறை சொல்ல எனக்கு யோக்யதை இல்லை. 1976-இல் பி.யு.சி. முடித்துவிட்டு நானும் சரித்திரம்தான் எடுத்தேன். எடுத்தேன் என்பது பொய். விஞ்ஞானத்துக்கு மார்க் போதவில்லை, காமர்ஸில் இடமில்லை, மிஞ்சியது சரித்திரம். என்னோடு சேர்ந்த பலருக்கும் இதே கதை. அது பக்கத்து ஊர்க் கல்லூரி ஒன்று. பெயர் எதற்கு? எந்தக் கல்லூரியைச் சொன்னாலும் இந்தக் கட்டுரை மாறப்போவதில்லை. தினமும் பஸ்ஸில் போய் வந்தேன். போகும்போதும் வரும்போதும் ஜன்னலில் மலை தெரியும். மலையடியில், கோயில் மதிலெல்லாம் கல்வெட்டு. அதைத் தாண்டிப் போய், இன்னொரு ஊரில் உட்கார்ந்து, நோட்ஸ் எழுதிக்கொண்டு திரும்பி வந்தேன். மூன்று வருஷம்.

நோட்ஸ் என்ற இலக்கிய வகையைப் பற்றித் தமிழில் யாரும் விமர்சனம் எழுதியதாகத் தெரியவில்லை. ஆனால் நம்மில் அதிகம் பேர் அதிகம் படித்த உரைநடை அதுதான். அதற்கென்று ஒரு உருவம் உண்டு: காரணங்கள், போக்கு, விளைவுகள். எந்தப் போருக்கும் உடனடிக் காரணம் ஒன்று, மறைமுகக் காரணங்கள் நான்கு அல்லது ஐந்து. எந்த அரசனும் சிறந்த நிர்வாகி, கலைகளை ஆதரித்தவன். வாக்கியங்களுக்கு எழுவாய் இருக்கும், சொல்கிறவன் இருக்க மாட்டான். யார் சொன்னது, எதைப் பார்த்துச் சொன்னது, வேறு யாராவது மறுத்தார்களா என்ற சுவடே இராது. ஆங்கிலப் புத்தகத்திலிருந்து எவரோ சுருக்கியதை எவரோ தமிழாக்கியது. தமிழில் படித்தோம் என்று பெயர், தமிழில் யோசிக்க அதில் இடமில்லை.

ஒரு உதாரணம் சொல்கிறேன். முதல் மைசூர்ப் போர், 1767 முதல் 1769 வரை. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் நிஜாமும் ஒரு பக்கம், கர்னல் ஸ்மித் மறுபக்கம். 'சங்காமா'விலும் 'ட்ரினோமாலி'யிலும் ஸ்மித்துக்கு வெற்றி. நோட்ஸில் இப்படித்தான் இருந்தது. நானும் இப்படியே எழுதி மார்க் வாங்கினேன். எனக்குப் பக்கத்து பெஞ்சுக்காரன் செங்கத்துப் பையன். அவனும் அழகாகச் 'சங்காமா' என்று எழுதினான். அது செங்கம் என்று அவனுக்கும், ட்ரினோமாலி என்பது நான் காலையில் பல் துலக்கிவிட்டுக் கிளம்பி வந்த ஊர் என்று எனக்கும், பட்டம் வாங்கி இரண்டு வருஷம் ஆகும் வரை தெரியாது. வெள்ளைக்கார அதிகாரியின் நாக்கில் நசுங்கிய எங்கள் ஊர்ப் பெயர், அச்சேறி, சுருக்கப்பட்டு, தமிழுக்குத் திரும்பி வந்து, எங்களுக்கே அந்நிய தேசமாகிவிட்டது. சிரிப்பாக இருக்கிறது. அன்றைக்குத் தெரிந்தபோது சிரிப்பு வரவில்லை.

முதல் வருஷம் மாசி மகத்துக்கு ஆயா என்னைப் பள்ளிகொண்டாப்பட்டுக்குக் கூப்பிட்டாள். என் அப்பாவின் அம்மா. கையெழுத்துப் போடத் தெரியாதவள். ஆறு மாதச் சரித்திரப் படிப்பு எனக்குள் பொங்கிக்கொண்டிருந்த சமயம். "அதெல்லாம் கட்டுக்கதை ஆயா. வல்லாளன் நிஜமான ராஜா. துருக்கரோட சண்டை போட்டுச் செத்தான். சாமியாவது திதி கொடுக்கிறதாவது" என்றேன். ஆயாவுக்குக் கோபம் வரவில்லை. வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டாள்: "செத்தாருன்னு நீயும்தான் சொல்றே. எங்கடா செத்தாரு? யாரு பாத்தது? ஒனக்கு யாரு சொன்னாங்க?"

சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. "புஸ்தகத்துல இருக்கு" என்றேன். "எனக்கும் எங்க ஆயா சொல்லிச்சு" என்று எழுந்து போய்விட்டாள்.

பி.ஏ. படித்த மூன்று வருஷத்தில் சரித்திரம் சம்பந்தமாக என்னிடம் ஒருவர் கேட்ட ஒரே கேள்வி அதுதான். 'கேள்வி' என்றால் பரீட்சைத்தாளில் வருவதைச் சொல்லவில்லை. பரீட்சைத்தாளில் வருவது கட்டளை: விவரி, ஆராய்க, குறிப்பு வரைக. யார் பார்த்தது, உனக்கு எப்படித் தெரியும் என்பதுதான் சரித்திரக்காரனின் கேள்வி. எழுதப் படிக்கத் தெரியாத ஒரு கிழவிக்கு அது சுபாவமாக வந்தது. எனக்கு வராமல் போனதற்கு என் படிப்பே காரணம் என்பதுதான் நான் சொல்ல வந்த குற்றச்சாட்டு.

ஆயாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேடி எடுக்க எனக்குப் பல வருஷம் பிடித்தது. அது ஒன்றும் பெரிய ஆராய்ச்சி இல்லை. சரியான ஆசிரியர் ஒருவர் இருந்தால் ஒரு வாரத்தில் முடியும். கிடைத்த சாட்சிகளை வரிசையாக வைக்கிறேன்.

முதலில் கல்வெட்டுகள். துவாரசமுத்திரம் 1311-இலும் 1327-ஐ ஒட்டியும் டில்லிப் படைகளிடம் அடிபட்ட பிறகு, மூன்றாம் வல்லாளன் தெற்கே வந்து எங்கள் ஊரில் தங்கினான். கன்னடக் கல்வெட்டுகள் அவன் உண்ணாமுலைப் பட்டணத்திலிருந்து ஆண்டதாகச் சொல்கின்றன. உண்ணாமுலை எங்கள் அம்மன் பெயர். பட்டணம் எங்கள் ஊர். அவன் மரணத்தைச் சொல்லும் கன்னடக் கல்வெட்டு ஒன்றும் உண்டு. 1342 செப்டம்பரில், துருக்கரோடு நடந்த போரில் இறந்தான் என்பது அதன் செய்தி. எஸ். கிருஷ்ணசாமி ஐயங்கார் 1921-இல் வெளியிட்ட புத்தகத்திலேயே இதெல்லாம் விவாதிக்கப்பட்டாகிவிட்டது.

இரண்டாவது சாட்சி இபின் பதூதா. மதுரை சுல்தான் கியாசுத்தீன், கண்ணனூர்க் கொப்பத்தை முற்றுகையிட்டிருந்த வல்லாளனைத் தாக்கிப் பிடித்தான். விடுவிப்பதாகச் சொல்லிச் செல்வத்தையெல்லாம் கறந்துகொண்டு கொன்றான். தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரைக் கோட்டைச் சுவரில் தொங்கவிட்டான். அதைத் தொங்கக் கண்டேன், என்கிறார். வல்லாளனுக்கு அப்போது எண்பது வயது என்கிறார். கண்ணால் பார்த்த சாட்சி. ஆனால் சாட்சியின் விலாசத்தையும் பார்க்க வேண்டும். சுல்தானின் மனைவியும் இபின் பதூதாவின் மனைவியும் உடன்பிறந்தவர்கள். கொன்றவனின் சகலை சொல்கிறார். சொன்னதும் மதுரையில் இருந்தபோது எழுதிவைத்ததல்ல. ஊர் திரும்பி, மொராக்கோவின் பெஸ் நகரத்தில் இன்னொருவர் எழுத, 1355-இல் முடிந்த புத்தகம். சகலை என்பதால் பொய் என்று ஆகிவிடாது. சகலையின் குரூரத்தை மறைக்காமல் சொல்வதால் கூடுதல் நம்பிக்கை என்றும் வாதாடலாம். வாதாடலாம் என்பதுதான் விஷயம்.

மூன்றாவது சாட்சி எங்கள் ஊர். எல்லப்ப நாவலரின் அருணாசல புராணத்தில் வல்லாள மகாராசன் சருக்கம் இருக்கிறது. கோயிலில் வல்லாள கோபுரம் நிற்கிறது. வருஷா வருஷம் தையில் செய்தியும் மாசியில் திதியும் நடக்கின்றன. இந்தச் சாட்சி சொல்வது மற்ற இரண்டோடும் பொருந்தாது. செப்டம்பர் எங்கே, தை எங்கே? பிள்ளையில்லாத ராஜா என்கிறது கதை. ஆனால் மகன் இருந்தான், நான்காம் வல்லாளன் என்று பட்டமும் கட்டிக்கொண்டான். அதன் பின் நாலைந்து வருஷத்துக்குள் அந்த வம்சமே அடையாளம் இல்லாமல் போயிற்று, விஜயநகரம் எழுந்தது.

இந்த மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு ராத்திரி உட்கார்ந்திருந்தபோது எனக்கு ஒரு வெளிச்சம் கிடைத்தது. உடல் ஊருக்கு வரவில்லை. தோல் எதிரியின் சுவரில் தொங்கியது. கொள்ளி போட, திதி கொடுக்க ஒருவருக்கும் வழியில்லை. வம்சமும் அற்றுப்போயிற்று. அந்த வெட்கத்தையும் துக்கத்தையும் தாங்க முடியாத ஒரு ஊர், தன் சுவாமியையே மகனாக நியமித்துவிட்டது! மிகவும் சந்தோஷப்பட்டேன். எழுதிவிடலாம் என்று பேனாவைக் கூட எடுத்தேன். பிறகுதான் ஆயாவின் குரல் கேட்டது: யாரு பாத்தது?

ஒருவரும் பார்க்கவில்லை. திதி எப்போது ஆரம்பித்தது என்பதற்கு என் கையில் ஆதாரம் ஒன்றும் இல்லை. தோலுக்கும் திதிக்கும் நடுவே நான் போட்ட பாலம் ஒரு கதாசிரியன் போட்டது. அழகாக இருப்பதால் உண்மை என்று நினைத்துவிட்டேன். இப்படி ஒரு யூகத்தை உண்டாக்கிக்கொள்வதும், பிறகு அதைத் தானே சந்தேகிப்பதும் சேர்ந்ததுதான் சரித்திரப் பயிற்சி என்று நினைக்கிறேன். என் பட்டப் படிப்பு இரண்டில் ஒன்றையும் தரவில்லை. கதையைத் தூக்கி எறியச் சொல்லிக் கொடுத்தது. கல்லைப் படிக்கச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆயாவிடமிருந்து பிரித்து எடுத்துக்கொண்டு போய், வேறெங்கும் சேர்க்காமல் நடுவழியில் இறக்கிவிட்டது.

இது ஒரு கல்லூரிப் பிரச்னை, இந்தப் பத்திரிகையில் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். நம் இலக்கியப் பிரச்னையும் இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. உடையார்குடிக் கல்வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகளின் உறவினர் நிலங்கள் பறிமுதலான செய்தி, ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில். அந்த ஒரு கல்வெட்டை வைத்து நீலகண்ட சாஸ்திரி உத்தம சோழன் மேல் சந்தேகம் கொண்டார். சதாசிவ பண்டாரத்தார் அந்த முடிவு இந்தக் கல்வெட்டிலிருந்து கிடைக்காது என்று மறுத்தார். இரண்டு பெரிய மனங்கள் சில வரிகளைச் சுற்றி மோதிக்கொண்டதைக் காட்டிலும் விறுவிறுப்பான விஷயம் வேறென்ன இருக்கிறது? வகுப்பில் எனக்கு இதை எவரும் காட்டவில்லை. 1950 முதல் 1954 வரை கல்கி அதைத் தொடர்கதையாக்கினார். அதைத்தான் தமிழ் நாடு படித்தது. 2022-இலும் 2023-இலும் சினிமாவாகவும் பார்த்தது. வழக்கு நமக்குத் தெரியாது, வழக்கைப் பற்றிய நாடகம் மட்டும் தெரியும்.

இந்தச் சரித்திர நாவல்களைச் சிறுபத்திரிகைக்காரர்களாகிய நாம் எவ்வளவு கேலி செய்திருக்கிறோம். நானும் செய்திருக்கிறேன். குதிரைக் குளம்பொலி, கொடியிடை, மாறுவேஷம் என்று பட்டியல் போட்டிருக்கிறேன். கேலி நியாயமானதுதான். ஆனால் அந்த இடத்தில் நாம் எதை வைத்தோம்? நம் நவீன கதையில் மனிதனுக்கு மனம் உண்டு, அறை உண்டு, சிகரெட் உண்டு; அவன் நிற்கும் தெருவுக்கு வயது கிடையாது. கடந்த காலம் என்பது மேடைக்காரர்களுக்கும் வாரப் பத்திரிகைக்கும் உரியது என்று விட்டுவிட்டோம். அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். இன்று கீழடியில் குழி தோண்டினால் குழிக்குள்ளிருந்து என்ன வந்தது, எந்த மண்ணடுக்கில் வந்தது, தேதி எப்படி நிர்ணயமாயிற்று என்று கேட்பவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குவார்கள். பெருமைப்படவும் பொருமவும் ஆயிரக்கணக்கானவர்கள் இருக்கிறார்கள். வல்லாளனையும் தங்கள் குலத்தில் சேர்த்துக்கொள்ளச் சண்டை நடக்கிறது. சொத்தாக நினைப்பதற்கும் சாட்சியாக நினைப்பதற்கும் வித்தியாசம் தெரியாத கலாசாரச் சூழல். இதற்கு ஒவ்வொரு வருஷமும் பட்டம் கொடுத்து அனுப்பப்படும் சரித்திரப் பட்டதாரிகள் தடையாக இருந்திருக்க வேண்டும். அவர்களே இதற்கு முதல் ரசிகர்கள்.

பெரிய அரசர்களை விட்டுவிடுவோம். செங்கம் வட்டாரத்து நடுகற்களைத் தமிழ்நாடு தொல்பொருள் ஆய்வுத்துறை 1972-இல் நாகசாமியைப் பதிப்பாசிரியராகக் கொண்டு புத்தகமாகவே போட்டது. ஆநிரை கவர வந்தவர்களோடு சண்டையிட்டுச் செத்த மாடு மேய்ப்பவர்கள், காவல்காரர்கள் பற்றிய பல்லவர் காலத்துக் கற்கள் அதில் உண்டு. எடுத்தனூரில் ஒரு கல், மகேந்திரவர்மன் காலத்தது. செத்த வீரனுக்குப் பக்கத்தில் ஒரு நாய் செதுக்கியிருக்கிறது. நாய்க்குப் பெயரும் எழுதியிருக்கிறது, கோவிவன் என்று. கள்ளர் இருவரைக் கடித்துவிட்டுக் காவல் நின்றதாம். ஆயிரத்து நானூறு வருஷத்துக்கு முன் ஒரு நாயின் பெயரை ஊர் எழுதி வைத்தது. நான் கல்லூரியில் கால் வைப்பதற்கு நான்கு வருஷம் முன்பே புத்தகம் வந்துவிட்டது. செங்கத்துப் பையன் என் பக்கத்தில் உட்கார்ந்து பிரெஞ்சுப் புரட்சியின் காரணங்களை எழுதிக்கொண்டிருந்தான். பிரெஞ்சுப் புரட்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. பாரிஸ் கோட்டையை இடித்த தச்சனையும் தையற்காரனையும் புரிந்துகொள்ள, மாட்டுக்காகச் செத்தவனைத் தெரிந்தவனுக்கு இன்னும் சுலபமாக இருந்திருக்கும்.

ஆசிரியர்களைத் திட்டி முடித்துக்கொள்வது அற்பத்தனம். அறுபது பேர் வகுப்பு, முடிக்க வேண்டிய பாடத்திட்டம், வாங்கிக் கொடுக்க வேண்டிய மார்க். என் ஆசிரியர் ஒருவர், மஞ்சளேறிய நோட்டை வாசித்துக்கொண்டே வந்தவர், ஒரு நாள் சட்டென்று நிறுத்தி, "இதெல்லாம் நானும் எழுதிக்கிட்டதுதாம்பா" என்று சொல்லிவிட்டு மேலே வாசித்தார். அந்தக் குரலை நான் மறக்கவில்லை. வசதிகளும் இல்லை. எங்கள் கோயில் கல்வெட்டுகளின் பாடம் 1937-இல் வந்த தென்னிந்தியக் கல்வெட்டுகள் எட்டாம் தொகுதியில் மொழிபெயர்ப்பில்லாமல் கிடக்கிறது. 1989 முதல் திருவண்ணாமலையைப் பற்றியே பல தொகுதிகள் வெளிவந்தன, பி. ஆர். சீனிவாசன் பதிப்பித்த கல்வெட்டுகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு அதில் உண்டு. கோயில், சடங்கு, ஊர், சமூகம் என்று தனித்தனித் தொகுதி, சில பிரெஞ்சிலேயே. எங்களைப் பற்றி இவ்வளவு அறியப்பட்டிருக்கிறது, எங்களுக்குத் தெரியாத பாஷைகளில்.

ஆனாலும் கல் அங்கேயே இருக்கிறது. அதைப் படிப்பது மந்திர வித்தையல்ல. பிற்காலச் சோழர் காலத்து எழுத்துக்குச் சில வாரம் பழகினால் போதும். புள்ளி பெரும்பாலும் இராது, எகர ஏகார பேதம் இராது, கிரந்தம் நடுவே வரும். முதல் நாள் ஒரு எழுத்தும் நகராது. பத்தாம் நாள் 'ஸ்வஸ்திஸ்ரீ' தாண்டி ஒரு ஊர்ப் பெயர் தட்டுப்படும். அது நீங்கள் பஸ்ஸில் தாண்டி வந்த ஊராக இருக்கும். எனக்கு அது நடந்தபோது வயது முப்பத்தெட்டு. இருபதில் நடந்திருந்தால் என்ன ஆகியிருப்பேன் என்று யோசிப்பதில் பிரயோசனமில்லை.

ஆற்றங்கரைக்குத் திரும்புகிறேன். திதி முடிந்து கூட்டம் கலைந்துகொண்டிருந்தது. பஸ் வரும் வரை மேலே சொன்ன மூன்று சாட்சிகளையும் அந்தப் பையனிடம் சொன்னேன். ஆயாவுக்குச் சொல்லியிருக்க வேண்டியது. அவள் போய் முப்பது வருஷத்துக்கு மேலாகிறது. பையன் செல்போனைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டான். நான் நிறுத்திய பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "செப்டம்பர்ல செத்தவருக்குத் தையில எப்படி சார் சேதி வரும்?" என்றான்.

தெரியாது என்று சொன்னேன். கல்வெட்டு இருக்கும் இடம் எது என்று கேட்டான்.